வாய்க்கால் நீரும் சந்தை விலையும்: செய்தி அறிந்து செய்கை பண்ணுதல்

முன்னுரை

நெற்செய்கைக்கு நிலம், நீர், விதை, எரு ஆகிய நான்கும் வேண்டும் என்பதைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஐந்தாவதாக வேண்டப்படுவது செய்தி. நீர் எந்நாள் வரும், எத்தனை மணிநேரம் ஓடும் என்பதும், விளைந்த பொருள் எங்கே என்ன விலைக்குப் போகும் என்பதும் உரிய காலத்தில் அறியப்படாவிடின், ஏனைய நான்கிற்கும் செலவிட்ட பணமும் உழைப்பும் முழுப்பயன் தரமாட்டா.

நீர் வரும் நாளை அறியாத கமக்காரர், நீர் வந்த அன்றே வரம்பு முட்டத் தம் வயலை நிரப்புகின்றார். அடுத்த முறை எப்போது என்பது தெரியாமையால் அவ்வாறு செய்கின்றார். அவரைக் குறை கூறுதல் எளிதன்று. ஆனால் அவர் மிகையாக எடுத்த நீர், வாய்க்காலின் கடைப்பகுதியிற் குடலைப் பருவத்தில் நிற்கும் பயிருக்குச் சேரவேண்டிய நீராகும். இத்துண்டுப்பிரசுரம், பொது நீரைப் பங்கிடுவதிலும் விளைபொருளை விற்பதிலும் செய்தியை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைக் கூறுகின்றது.

1. எமது பகுதியின் நீர்

சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு, கல்முனை முதலிய ஊர்களைச் சேர்ந்த கமக்காரரின் வயல்களிற் பல, கல்லோயாத் திட்டத்தின் கீழ்ப்பாகத்தில் உள்ளன. பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, 1949 ஆம் ஆண்டில் வேலை தொடங்கிக் கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரம், ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளவல்லது. அந்நீர் பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்னும் படிகளைக் கடந்தே எமது வயல்களை அடைகின்றது.

செய்தியும் இதே வழியாகவே வருகின்றது. ஒவ்வொரு படியிலும் நீர் சிறிது கசிவதைப் போலச் செய்தியும் சிறிது குறைகின்றது. சில வேளைகளில் மாறியும் விடுகின்றது. திட்டத்தின் மேற்பாகத்திற் பெரும்பாலும் சிங்களம் பேசுவோரும், கரையோரப் பாகத்திற் பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் செய்கை பண்ணுகின்றனர். ஆதலால் ஒரு மொழியில் மட்டும் எழுதப்பட்ட அறிவித்தல் மறுபாகத்திற்குக் கேள்விச் செய்தியாகவே வந்து சேரும். நீர் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் இரு மொழிகளிலும் எழுத்திற் பெறுதல் கமக்காரர் அமைப்புகள் முதலிற் கேட்டுப் பெறவேண்டிய உரிமையாகும்.

2. பழைய ஒழுங்கு

நீரைப் பற்றிக் கூடிப் பேசி முடிவு செய்தல் எமக்குப் புதிதன்று. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அவர்களின் காலத்தில் இயற்றப்பட்ட 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வயற்சொந்தக்காரர் ஒன்றுகூடிப் பெரும்பான்மை வாக்கால் ஊரின் பழைய நீர் வழக்கங்களை விதிகளாக ஏற்றுக்கொள்ள வழி செய்தது. கிழக்கு மாகாணத்தில் ஒவ்வொரு வட்டைக்கும் வட்டவிதானை ஒருவர் இருந்து, வாய்க்கால் துப்புரவாக்கும் நாளையும் நீர்முறையையும் வேலி அடைக்கும் நாளையும் அறிவித்து வந்தார். அவருக்குரிய வேதனம் நெல்லாகவே அளந்து கொடுக்கப்பட்டது.

1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய விதானைமாரின் இடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. பின்னர் வந்த 1979 ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டமும் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் ஒழுங்குகளை மேலும் மாற்றின. பதவிகள் மாறினும், செய்தியை ஊரறியச் சொல்வதற்குப் பொறுப்பான ஒருவர் வேண்டும் என்னும் தேவை மாறவில்லை. வட்டவிதானை என்னும் பெயரும் எமது பகுதியில் இன்னும் வழக்கில் உள்ளது.

3. கல்லோயாவில் கண்ட பாடம்

1970 களின் இறுதியில் கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் மிகவும் பழுதடைந்திருந்தன. மேற்பகுதியார் தேவைக்கு மிஞ்சி எடுத்தனர். கடைப்பகுதியார் நீரின்றி நின்றனர். அதிகாரிகளும் கமக்காரரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. அப்போது கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, 1981 ஆம் ஆண்டிற் பட்டதாரி இளைஞர் சிலரை வாய்க்காலோரக் கிராமங்களுக்கு அனுப்பிற்று. அவர்கள் கமக்காரரிடையே குடியிருந்து, வீடு வீடாகச் சென்று குறைகளைக் கேட்டு, ஒவ்வொரு வயல் வாய்க்காலிலும் உள்ளவர்களை ஒன்றுகூட்டினர்.

அவ்வாண்டுச் சிறுபோகத் தொடக்கத்திற் குளத்தில் ஏறத்தாழக் கால்பங்கு நீரே இருந்தது. அவ்வாறிருந்தும், சில வாரங்களுக்குள் கமக்காரர் வாய்க்கால்களைத் தாமே துப்புரவு செய்தனர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். மீந்த நீரைக் கீழ்ப்பகுதிக்கு விட்டனர். குளத்தில் உள்ள நீரின் அளவும், தம் முறை வரும் நாளும், கீழே நிற்கும் பயிரின் நிலையும் யாவருக்கும் தெரிந்தமையே இம்மாற்றத்திற்குப் பெருங்காரணம்.

1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் இவ்வொழுங்கு கடுமையாகச் சோதிக்கப்பட்டது. குளத்து நீர் திட்டத்தின் ஒரு சிறு பகுதிக்கே போதும் எனக் கணிக்கப்பட்டது. கமக்காரர் அமைப்புகளோ முழுப் பரப்பிலும் செய்கை பண்ண அனுமதி வேண்டி, நீரைச் சிக்கனமாகப் பங்கிட்டன. ஏறத்தாழ 65,000 ஏக்கரிற் செய்கை நடந்தது. வழமையான சராசரிக்கு மேற்பட்ட விளைச்சலும் கிடைத்தது. மேற்பாகத்துச் சிங்களக் கமக்காரருடன் கீழ்ப்பாகத்துத் தமிழ் பேசும் கமக்காரரும் அந்நீரைப் பங்கிட்டுக்கொண்டனர். நாட்டிற் போர் நடந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

4. நீர்முறையைக் கணித்து அறிவித்தல்

வினாடிக்கு ஒரு கன அடியாக, அதாவது ஒரு கியூசெக் அளவாக, 24 மணிநேரம் ஓடும் நீர் ஏறத்தாழ 2 ஏக்கர் அடியாகும். 2 அங்குல ஆழத்திற்கு நிறுத்தினால் இந்நீர் 12 ஏக்கருக்குப் போதும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வயல் வாய்க்காலில் 2 ஏக்கர் கொண்ட 18 வயல்கள் உள்ளன எனக் கொள்வோம். வாய்க்காலில் ஒரு கியூசெக் நீர் ஓடுமாயின், ஒவ்வொரு வயலுக்கும் 4 மணிநேரம் வேண்டும். வாய்க்காலில் ஐந்திலொரு பங்கு நீர் கசிந்து போகுமாயின் 5 மணிநேரம் வேண்டும். 18 வயல்களும் பாய்ந்து முடிய 90 மணிநேரம், அஃதாவது 3 நாளும் 18 மணிநேரமும் செல்லும். இக்கணக்கை ஒரு பலகையில் எழுதி, இன்ன வயலுக்கு இன்ன நாள், இன்ன மணி எனக் குறித்து, வாய்க்கால் தலைப்பில் நாட்டுதல் வேண்டும். கடைசி வயலிலிருந்து முறையைத் தொடங்குதல் நன்று. நீர் கடைசிவரை செல்வதை யாவரும் கண்ணாற் காண்பராதலின் ஐயம் நீங்கும்.

செய்தி கீழிருந்து மேலேயும் செல்ல வேண்டும். ஒருவர் மூன்று மாத நெல்லையும், அயலவர் மூன்றரை மாத நெல்லையும் விதைத்தால், அவ்வொருவருக்காக வாய்க்கால் மேலும் இரு வாரம் ஓடவேண்டி வரும். ஆகவே பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பு நாளையும் நெல்லினத்தின் வயதையும் ஒவ்வொரு வட்டையாரும் கூறிப் பதிவு செய்தல் வேண்டும். குடலைப் பருவத்திலும் கதிர் வெளிவரும் பருவத்திலும் நீர் குறைந்தாற் பதர் மிகும். அப்பருவம் தொடங்கும் நாளை முன்னரே நீர்ப்பாசன உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.

அறிவித்தல் ஒரே நாளில், ஒரே இடத்தில் நடைபெறுதல் முக்கியமானது. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில், கமக்காரராற் தெரிவு செய்யப்பட்ட நீர் மன்றத்தார் வியாழக்கிழமை தோறும் நண்பகலிற் பேராலய வாயிலிற் கூடி, நீர் வழக்குகளை ஊரறிய வாய்மொழியாகவே தீர்க்கின்றனர். முஸ்லிம்கள் அந்நாட்டை ஆண்ட காலத்திலிருந்தே அவ்வழக்கம் வருவதாகக் கூறப்படுகிறது. 2009 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனித குலத்தின் மரபுரிமைகளில் ஒன்றாகப் பதிந்தது. எமது ஊர்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் பள்ளிவாசல் முன்றலிலும், கோயில் முன்றலிலும், கமநல சேவை நிலையத்திலும் வாராந்த நீர்முறையை வாசித்து ஒட்டலாம். இப்பகுதியிற் பல வயல்கள் சீதனமாகப் பெண்களின் பெயரில் உள்ளன. பல குத்தகைக்கு விடப்பட்டுள்ளன. கூட்டத்திற்கு வராத இவர்களுக்கும் செய்தி சேர்கின்றதா எனப் பார்த்தல் அமைப்புச் செயலாளரின் கடமையாகும்.

5. மணற்றரைக் கிணறுகள்

கடலோர மணற்றரையிற் கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை ஆகியவற்றைச் செய்கை பண்ணுவோர் ஆழமற்ற கிணறுகளை நம்பியுள்ளனர். கிணறு தனியாருடையதாயினும் நிலத்தடி நீர் பொதுவானது. மழையால் வந்த நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், உவர்நீர் ஏறத்தாழ 40 அங்குலம் மேலெழக்கூடும்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதிச் சுனாமியின் பின்னர் இக்கரையோரக் கிணறுகள் உவரேறின. அவற்றைச் சுத்தஞ் செய்யும் நோக்குடன் நீரிறைக்கும் இயந்திரங்களால் மீண்டும் மீண்டும் முற்றாக இறைத்த இடங்களில், கீழிருந்த உவர்நீர் மேலேறி நிலைமை மேலும் கெட்டது. நல்லெண்ணத்துடன் செய்த வேலையாயினும், நிலத்தடி நீரின் இயல்பு அறியப்படாமையால் இவ்வாறு நேர்ந்தது. சிறிதளவே இறைத்து, மாரி மழை உவரைக் கழுவுமட்டும் பொறுத்திருத்தலே ஏற்ற வழியாயிருந்தது.

ஆகவே அயற்றோட்டக்காரர் கூடி, இயந்திரங்கள் யாவும் ஒரே வேளையில் ஓடாதவாறு நேரம் வகுத்தல் வேண்டும். ஒரு கிணற்றில் உவர்ச்சுவை தோன்றினால், அதனை மறைக்காது அன்றே அயலாருக்குக் கூறுதல் வேண்டும். வெங்காயமும் போஞ்சியும் உவரைத் தாங்கமாட்டா. அவற்றை நட்டவருக்கு அச்செய்தி மிகவும் பெறுமதியானது.

6. விலைச் செய்தி

அறுவடைக் காலத்திற் களத்துக்கு வரும் வியாபாரிக்குப் பல ஊர்களின் விலை தெரியும். கமக்காரருக்கோ பெரும்பாலும் அவர் கூறும் விலை மட்டுமே தெரியும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திற்கு மரக்கறி கொண்டு செல்லும் சிறு கமக்காரரைப் பற்றி, லேர்ண் ஏசியா நிறுவனம் ஆராய்ந்து 2008 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட அறிக்கையில், அவர்களின் மொத்தச் செலவில் நூற்றுக்கு 11 பங்கு செய்தி தேடுவதற்கே செல்வதாகக் காணப்பட்டது. விதை, எரு, சந்தை ஆகியவற்றை விசாரிக்கச் செய்யும் பயணமும் இழக்கும் நேரமும் இதிலடங்கும். கேரளத்தில் 1997 ஆம் ஆண்டு முதல் மீனவர் கைத்தொலைபேசி மூலம் கரையோரச் சந்தைகளின் விலையை விசாரிக்கத் தொடங்கியபின், விற்கப்படாது வீசப்பட்ட சாளை மீன் ஏறக்குறைய இல்லாதொழிந்தது; மீனவரின் இலாபம் கூடிற்று; வாங்குவோர் கொடுத்த விலையும் சிறிது குறைந்தது. இதனை ரொபர்ட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் 2007 ஆம் ஆண்டில் எழுதினார்.

விலையை மட்டும் கேட்டறிதல் போதாது. நெல்லாயின் எந்த ஈரப்பதனுக்கு, எத்தனை கிலோ கொண்ட மூடைக்கு, எவ்விடத்தில் ஒப்படைக்க, எந்நாளிற் பணம் பெற என நான்கையும் கேட்டல் வேண்டும். நூற்றுக்கு 18 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 பங்காகக் காயவிட்டால், நிறை ஏறத்தாழ 95 கிலோவாகக் குறையும். ஆகவே காய்ந்த நெல்லின் விலை ஈரநெல்லின் விலையிலும் நூற்றுக்கு 5 பங்கும், காயவைக்கும் கூலியும் கூடினால் மட்டுமே காயவைத்தல் இலாபமாகும். இக்கணக்கை அறியாதவர் கிலோ விலையைக் கேட்டு மகிழ்ந்து மொத்தத்தில் நட்டமடைவர். தூரச் சந்தைக்கு அனுப்புவோர், அங்குள்ள விலையிலிருந்து லொறிக் கூலி, ஏற்றிறக்கக் கூலி, சாக்கு விலை, வழியிற் பழுதாகும் பங்கு ஆகியவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதையே ஊர் விலையுடன் ஒப்பிடுதல் வேண்டும்.

நீர்முறையும் விலையும் தொடர்புடையவை. ஒரு வட்டையார் விதைப்பு நாளை ஒன்றாக்கினால் அறுவடையும் ஒன்றாகும். அறுவடை இயந்திரத்தையும் லொறியையும் கூட்டாகப் பேசிக் கூலியைக் குறைக்கலாம். மொத்தமாக விலை பேசலாம். அவ்வாறன்றி எல்லா வட்டைகளும் ஒரே வாரத்தில் விற்க முனைந்தால் விலை வீழும். ஆதலால் வட்டைக்கு வட்டை சில நாள் இடைவிட்டு நீர்முறையை வகுத்தல் வாய்க்காலுக்கும் சந்தைக்கும் நலமாகும்.

7. செய்தியின் உண்மையைக் காத்தல்

இக்காலத்திற் செய்தி கைத்தொலைபேசியில் நொடியில் வருகின்றது. பொய்ச் செய்தியும் அவ்வாறே வருகின்றது. நாளை நீர் மூடப்படும் என்னும் ஒரு வதந்தி, ஓர் இரவுக்குள் பல வாய்க்கால்களை உடைக்கச் செய்யும். வாட்ஸ்அப் குழுவில் நீர்ச் செய்தி அனுப்புவோர், கூறியவர் யார், கூறிய நாளும் நேரமும் எவை என்பதைச் சேர்த்து எழுதல் வேண்டும். இவை இல்லாத செய்தியை மற்றவருக்கு அனுப்புதலாகாது. முறை மாறினால், மாறிய காரணத்தையும் உடனே கூறுதல் வேண்டும். ஒருமுறை காரணமின்றி மாற்றப்பட்ட முறையை மறுமுறை எவரும் நம்பார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

(1) குளத்து நீரின் அளவு, திறக்கும் நாள், மூடும் நாள் ஆகியவற்றை இரு மொழிகளிலும் எழுத்திற் பெறுக.

(2) மணிக்கணக்காக வகுத்த நீர்முறையை வாய்க்கால் தலைப்பில் எழுதி வைக்க. கடைசி வயலிலிருந்து தொடங்குக.

(3) விதைப்பு நாளையும் நெல்லின் வயதையும் ஆரம்பக் கூட்டத்திற் பதிவு செய்க.

(4) மணற்றரைக் கிணற்றை அடிமட்டும் இறையாதீர். உவர் கண்டால் அயலாருக்குக் கூறுக.

(5) விலை கேட்கும்போது ஈரம், நிறை, இடம், பணம் பெறும் நாள் ஆகிய நான்கையும் கேட்க.

மேலும் ஆலோசனை வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காணலாம். அல்லது 1920 என்னும் இலக்கத்திற் கமத்தொழில் ஆலோசனைச் சேவையுடன் தொலைபேசியிற் பேசலாம். பெற்ற ஆலோசனையை அயல் வயற்காரருக்கும் கூறுக. அவர் நீரும் உமது நீரும் ஒரே வாய்க்காலிலேயே வருகின்றன.