அசைபோடும் மனம்



வார்டுகளைச் சுற்றிவரும்போது, சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பவர்களைக் காண்கிறேன். "என்ன யோசிக்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டால், "எல்லாம் என்னால் வந்தது என்பதைத்தான்" என்பார்கள். நானும் நாற்காலியை இழுத்துப்போட்டு, "அப்படி ஏன் நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று பல வருடங்கள் கேட்டுவந்தேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு நான் எழும்பும்போது அவர் முன்னிலும் சோர்ந்திருப்பார். அது ஏன் என்று செமினரியில் எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஏட்ரியன் வெல்ஸ் உருவாக்கிய மெட்டாகாக்னிட்டிவ் தெரபி என்னும் சிகிச்சை இதற்கு விடை தருகின்றது. கசப்பான எண்ணம் எல்லாருக்கும் வரும். பெரும்பாலும் வந்தபடியே போய்விடும். அதை மாடு அசைபோடுவதுபோல் நாள்முழுதும் மென்றுகொண்டிருப்பதே மனச்சோர்வை நீடிக்கச் செய்கிறது என்கிறார் அவர். அதற்குப் பின்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. "யோசித்துக்கொண்டே இருந்தால் காரணம் பிடிபடும்" என்பது ஒன்று. "இந்த யோசனையை என்னால் நிறுத்தவே முடியாது" என்பது மற்றொன்று. முதலாவதை வளர்த்துவிட்டவன் நானே!

ஆரன் பெக் வகுத்த பழைய முறையில், "நான் உதவாதவன்" என்ற எண்ணம் உண்மைதானா என்று ஆராய்வார்கள். இதிலோ அந்த வழக்கையே விசாரிப்பதில்லை. எண்ணம் வந்தால் விரட்டவும் வேண்டாம், உபசரிக்கவும் வேண்டாம். மாலையில் குறித்துவைத்த 15 நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள் என்கிறார்கள். பல ஓசைகளில் ஒவ்வொன்றாய்க் கவனத்தைத் திருப்பும் பயிற்சியும் உண்டு.

டென்மார்க்கில் மனச்சோர்வுற்ற 174 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. பழைய முறையில் 100க்கு 52 பேரும், இதில் 74 பேரும் குணமடைந்தனர். ஆய்வாளர்களில் வெல்ஸும் ஒருவர். ஆகவே தொடர்பில்லாதவர்களும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இதைப் பயிற்சி பெற்றவர்களே அளிக்கவேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருவரும் தாமாக நிறுத்தலாகாது. சாகவேண்டும் என்று ஒருவர் சொன்னால் மாலைவரை தள்ளிவைக்காமல் உடனே டாக்டரிடம் அழைத்துவாருங்கள்.

நான் மாற்றிக்கொண்டது என் கேள்வியைத்தான். "ஏன்" என்பதை விட்டுவிட்டு, "இன்று எவ்வளவு நேரம் இதையே யோசித்தீர்கள்?" என்கிறேன். "காலையிலிருந்து" என்பார்கள். குறித்த மாலை நேரம் வரும்போது பலருக்கு அந்த 15 நிமிடம் தேவைப்படுவதில்லை. நிறுத்தவே முடியாது என்றிருந்தவர், தாமே மணிக்கணக்காக அதைத் தள்ளிவைத்திருப்பதை அப்போதுதான் கவனிக்கிறார்.