விமானத்தில் வயர் கட்டுவது எப்படி? உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மானிட்டரையும் கீபோர்டையும் தினமும் துடைத்து வைப்பார்கள். மேசைக்குப் பின்னால் தொங்கும் வயர்களை யாரும் பார்ப்பதில்லை. கேபினெட்டுக்கு உள்ளே இருக்கும் வயர்களைப் பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு. "கம்ப்யூட்டர் ஓடுகிறதே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு வயர் நழுவி ப்ராசசர் ஃபேனில் சிக்கினால் ஃபேன் நின்றுவிடும். ப்ராசசர் சூடேறி, நீங்கள் டைப் செய்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கேபினெட் தகரத்தின் கூரான விளிம்பில் வயர் உரசிக்கொண்டே இருந்தால் மேலுறை தேய்ந்து ஷார்ட் சர்க்யூட் ஆகலாம். எனவே வயர்களைக் கட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றவர்கள் விமானம் கட்டுபவர்கள். அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.

கேபிள் டை பிறந்த இடம்

உங்கள் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், வயர்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைப் பார்க்கலாம். ஹார்டுவேர் கடைகளில் 'கேபிள் டை' என்று கேட்டால் கிடைக்கும். இது கம்ப்யூட்டருக்காகப் பிறந்த பொருள் அல்ல. அமெரிக்காவில் போயிங் விமானத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் மெழுகு பூசிய நைலான் நூலால் வயர்களை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இழுத்து இழுத்து விரல்கள் காயப்படும். தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மவுரஸ் லோகன் அதைப் பார்த்துவிட்டுச் செய்த மாற்றுதான் 1958-ல் வந்த 'டை-ராப்'. இன்று எல்லோரும் பயன்படுத்தும் கேபிள் டைக்கு மூதாதை அதுதான்.

நூல் கட்டும் முறையும் ஒழிந்துவிடவில்லை. விண்கலங்களில் இன்றும் வயர்களை நூலால் முடிச்சிட்டுக் கட்டுகிறார்கள்.

வீட்டிலேயே விமானமா?

ஆம். அமெரிக்காவில் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டிலேயே சிறிய விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஏராளம். இவர்களுக்கென்று 1953-ல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது.

நம் பக்கத்திலும் இந்த ஆசை புதிதல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், தானே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டச் சொல்லி, 1910-ல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அந்தக் காலத்து விமானங்களில் இருந்த கம்பிகள் பெரும்பாலும் இறக்கைகளை இழுத்துப் பிடிப்பவை. மின்சார வயர்கள் மிகக் குறைவு.

அண்மைக் காலத்தில் மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தன் குடும்பம் வசிக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே 6 பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-ல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017 நவம்பரில் அதற்கு அரசின் பதிவுச் சான்றிதழ் கிடைத்தது.

இன்று இப்படிக் கட்டப்படும் விமானத்தில் ரேடியோ, ஜிபிஎஸ், டிஸ்பிளே திரை, எஞ்சின் சென்சார்கள் என்று எல்லாம் உண்டு. கிட்டத்தட்ட பறக்கும் கம்ப்யூட்டர்தான். வயர்களும் அந்த அளவுக்கு இருக்கும். எஞ்சின் ஓடும் நேரம் முழுவதும் அவை அதிர்ந்துகொண்டே இருக்கும்.

12 வோல்ட்தானே?

சிறிய விமானங்கள் பலவற்றில் கார் போலவே 12 வோல்ட் பேட்டரிதான். உங்கள் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் தருவதும் 12, 5, 3.3 வோல்ட்தான். "இது ஷாக் அடிக்காதே" என்று நினைக்கலாம். ஷாக் அடிக்காது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 வாட் மின்சாரம் 230 வோல்ட்டில் வந்தால் சுமார் 1 ஆம்பியர். அதே 240 வாட் 12 வோல்ட்டில் போனால் 20 ஆம்பியர். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் கூடுகிறது. வயரையும் பின்னையும் சூடாக்குவது இந்த ஆம்பியர்தான்.

வயர் கெட்டால் எவ்வளவு பெரிய விபரீதம் நேரலாம் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு. 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட ஸ்விஸ் ஏர் 111 விமானம் கனடா அருகே கடலில் விழுந்தது. அதில் இருந்த 229 பேரும் இறந்தார்கள். 2003-ல் வெளியான விசாரணை அறிக்கையின்படி, விமானி அறைக் கூரைக்கு மேலே போன வயரில் பொறி கிளம்பி, பக்கத்தில் இருந்த எளிதில் பற்றும் உறையில் தீப்பிடித்திருக்கிறது. அங்கிருந்த சர்க்யூட் பிரேக்கர்களால் அந்த மாதிரிப் பொறியைத் தடுக்க முடியவில்லை.

நம் வீட்டு எம்சிபியும் அப்படித்தான். பெரிய ஷார்ட் சர்க்யூட் என்றால் விழும். விட்டு விட்டு வரும் சின்னப் பொறிக்கு விழாமலும் இருக்கலாம். ஆகவே பிரேக்கர் இருக்கிறது என்று வயரை அலட்சியம் செய்யக் கூடாது.

விமானக்காரர்களின் விதிகள்

அமெரிக்க விமானத் துறையின் பழுதுபார்ப்புக் கையேட்டில் வயர் கட்டுவதற்கென்றே விரிவான பகுதி உண்டு. அதில் நமக்குப் பயன்படுபவை இவை.

1. தொங்கக் கூடாது. வயர் கட்டுகளை 24 அங்குலத்துக்குள் ஓர் இடத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு பிடிகளுக்கு நடுவே கையால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது.

2. விறைக்கவும் கூடாது. இணைப்பான் அருகே சிறிது தளர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுவை முழுவதும் பின்னின் மேல் விழும்.

3. ஒடித்து மடக்கக் கூடாது. வளைவின் ஆரம், வயரின் தடிமனைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வயர் என்றால் 30 மில்லிமீட்டர்.

4. தகர ஓட்டை வழியாகப் போகும் வயர் அதன் விளிம்பிலிருந்து கால் அங்குலத்துக்குள் வந்தால், ஓட்டையில் ரப்பர் வளையம் போட வேண்டும்.

5. சுழலும், அசையும் பாகங்களின் பக்கம் வயர் போகவே கூடாது. கட்டு அறுந்தால்கூட அதன் மேல் விழாத வழியாகக் கொண்டு போக வேண்டும்.

ஐந்தாவது விதியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். "கட்டு இருக்கிறதா?" என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. "கட்டு அறுந்தால் என்ன ஆகும்?" என்றும் கேட்கிறார்கள். நாமும் அதையே கேட்க வேண்டும்.

உங்கள் கேபினெட்டில் செய்முறை

கம்ப்யூட்டர் வாரன்டியில் இருந்தால், மூடியைத் திறக்கலாமா என்று முதலில் டீலரிடம் கேளுங்கள். பிறகு இப்படிச் செய்யுங்கள்.

1. ஷட்டவுன் செய்து பவர் கார்டைக் கழற்றுங்கள். பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். மின்சாரம் இல்லாதபோதும் அதன் கபாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும்.

2. கட்டுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு குழப்பம் வராது.

3. எல்லா இணைப்பான்களும் முழுவதுமாகச் செருகப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டுகளில் சிலருக்குப் பவர் இணைப்பான் உருகியது. முழுமையாகச் செருகாததே அதற்குப் பொதுவான காரணம் என்று என்விடியா நிறுவனம் சொன்னது.

4. பயன்படாத பவர் வயர்களைச் சுருட்டி, ஃபேன் இல்லாத மூலையில் வையுங்கள். நிறைய கேபினெட்டுகளில் மதர்போர்டுக்குப் பின்புறம் இடம் இருக்கும். வயர்களைக் கட்டுவதற்கான கொக்கிகளும் அங்கேயே இருக்கும்.

5. இப்போது கேபிள் டை போடுங்கள். கட்டு அசையாமல் இருந்தால் போதும். வயர் நசுங்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம். மீதி வாலை முடிச்சோடு ஒட்ட வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் அந்த நுனி பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும்.

6. சாட்டா கேபிளை ஒடித்து மடக்காதீர்கள். ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. மூடுவதற்கு முன் ஃபேன்களைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எதிலும் உரசாமல் சுற்ற வேண்டும்.

மேசைக்குப் பின்னால்

இங்கே அடிக்கடி கழற்றி மாட்டுவோம். எனவே வெல்க்ரோ பட்டை நல்லது. 230 வோல்ட் பவர் கார்டுகளை ஒரு கட்டாகவும், நெட்வொர்க், ஸ்பீக்கர், யுஎஸ்பி கேபிள்களை வேறு கட்டாகவும் கட்டுங்கள். இரண்டும் ஒன்றாகப் போனால் ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று இரைச்சல் வரலாம். நீளமான பவர் கார்டை இறுக்கமாகச் சுருட்டிக் கட்டவும் வேண்டாம். சூடு வெளியே போக வழி இருக்காது.

ஒவ்வொரு பிளக்கிலும் சிறிய காகித டேப் ஒட்டி, "மானிட்டர்", "ரவுட்டர்" என்று எழுதுங்கள். விமானத்தில் ஒவ்வொரு வயருக்கும் அடையாளக் குறி உண்டு. யுபிஎஸ் பிளக் என்று நினைத்து வேறொன்றைப் பிடுங்கும் வேலை நமக்கும் மிச்சம்.

நம் ஊருக்கான மூன்று குறிப்புகள்

தூசி: கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதி உருக்காலைகள், ரோலிங் மில்கள் அருகே வசிப்பவர்களுக்குத் தூசி பழகிய விஷயம். கொசகொசவென்று கிடக்கும் வயர்களில் தூசி வலை போலப் படிந்து காற்றை அடைக்கும். ஒதுக்கிக் கட்டிய கேபினெட்டைச் சுத்தம் செய்வதும் எளிது.

எலி: திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் வயலை ஒட்டிய வீடுகள் நிறைய. கேபினெட்டின் பின்புறம் கார்டு இல்லாத இடங்களைத் தகட்டால் மூடுங்கள். தரையோடு கிடக்கும் வயர்களை மேசைக் காலோடு சேர்த்து உயர்த்திக் கட்டுங்கள்.

மழை: ஜன்னல் வழியாக உள்ளே வரும் இன்டர்நெட் கேபிள் வழியே மழை நீர் ரவுட்டர் வரை வழிந்து வரலாம். விமானக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இணைப்பானுக்கு முன்னால் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுவார்கள். நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். ஜன்னலுக்கு வெளியே கேபிளை இப்படி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் செய்துவிடுவது நல்லது.

உங்கள் பகுதியில் தொழிற்சாலைப் பேனல் போர்டு வேலை செய்பவர் யாராவது இருந்தால், அவர் வயர் கட்டுவதை ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். எந்தப் புத்தகமும் சொல்லித் தராத நுணுக்கங்கள் அந்தக் கையில் இருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்க:

- ஏதாவது வயர் ஃபேன் பக்கம் தொங்குகிறதா?
- தகர விளிம்பில் உரசுகிறதா? மேலுறை தேய்ந்திருக்கிறதா?
- பிளக், பின் எதுவும் பழுப்பு நிறமாகவோ உருகியோ இருக்கிறதா? இருந்தால் அந்த வயரைக் கட்டாதீர்கள், மாற்றுங்கள்.
- கேபிள் டை விறைத்து வெடித்திருக்கிறதா?

100 கேபிள் டை கொண்ட பாக்கெட் ஒன்று, அரை மணி நேரம். இவ்வளவுதான் செலவு. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.