குறியீடு சொல்வதும் சொல்லாததும்

பினாங்குத் தீவின் தென்மேற்கு மாவட்டத்தில் அமைந்துள்ளது பாலிக் புலாவ். மலாய்மொழியில் இப்பெயர் 'தீவின் பின்புறம்' எனப் பொருள்படும். இவ்வூருக்கும் ஜோர்ஜ்டவுனுக்கும் இடையே மலைகள் நிற்கின்றன. அம்மலைகளை வளைந்து வளைந்து கடக்கும் துன் சார்டோன் சாலை, பாலிக் புலாவைத் தீவின் கிழக்குப் பகுதியோடு இணைக்கிறது. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கில் பெய்த பெருமழையால் வெள்ளமும் நிலச்சரிவுகளும் ஏற்பட்டன. மலைச்சாலையில் மண் சரிந்துவிட்டால் மக்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பது மண்வாரி இயந்திரத்தைத்தான். அந்த மண்வாரியே பாதி வேலையில் எச்சரிக்கை விளக்கைக் காட்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? இயந்திரத்தின் திரையில் தோன்றும் பழுதுக் குறியீட்டைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவரே அப்போது தேவைப்படுகிறார்.

மண்வாரியின் டீசல் இயந்திரம் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. அந்தப் பம்பு எண்ணெயை அழுத்தி உருளைகளுக்குள் செலுத்துகிறது. அவ்வழுத்தத்தால் மண்வாரியின் கையும் வாளியும் அசைகின்றன. ஏறத்தாழ 20 டன் எடையுள்ள மண்வாரியில் இந்த அழுத்தம் சுமார் 350 பார் வரை உயரக்கூடும். மகிழுந்துச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் 2 பாரைச் சற்றே தாண்டும். இதிலிருந்து மண்வாரியின் ஆற்றலை உணரலாம்.

வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளக்க இயந்திரத்தின் பல இடங்களில் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றை 'சென்சார்' என்றும் அழைப்பர். உணரி தான் அளந்ததை மின்னழுத்தமாக மாற்றிக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. பல அழுத்த உணரிகள் 0.5 வோல்ட் முதல் 4.5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தையே அனுப்பும். வரும் அளவு எல்லையைத் தாண்டினால், கணினி அதனைப் பழுதாகக் கருதிக் குறியீட்டைப் பதிவு செய்கிறது.

கனரக இயந்திரங்கள் பலவற்றில் 'ஜே1939' எனும் பொதுவான முறை பின்பற்றப்படுகிறது. இம்முறையில் பழுதுக் குறியீடு இரண்டு எண்களைக் கொண்டது. முதல் எண் பழுது எதனைச் சார்ந்தது என்பதைச் சொல்லும். இரண்டாம் எண் அது எவ்வகைப் பழுது என்பதைச் சொல்லும். முதல் எண் 110 எனில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை. 100 எனில் இயந்திர எண்ணெயின் அழுத்தம். இரண்டாம் எண் 3 எனில் மின்னழுத்தம் மிகுந்துள்ளது. 4 எனில் குறைந்துள்ளது. அதுவே 0 எனில், உணரி சரியாகவே அளக்கிறது, ஆனால் அளவு மேல் எல்லையை மீறிவிட்டது என்பது பொருள். 1 எனில் அளவு கீழ் எல்லைக்கும் கீழே சென்றுவிட்டது. சில நிறுவனங்கள் தங்களுக்கென வேறு குறியீடுகளை வைத்துள்ளன. ஆகவே, அந்தந்த இயந்திரத்தின் கையேட்டைப் பார்ப்பது கட்டாயமாகும்.

இப்போது 110-0, 110-3 ஆகிய இரண்டு குறியீடுகளை ஒப்பிடுவோம். முதலாவது, இயந்திரம் உண்மையிலேயே சூடேறிவிட்டதைத் தெரிவிக்கிறது. குளிர்விப்பானில் சேறும் சருகும் அடைத்திருக்கலாம், நீர் குறைந்திருக்கலாம், விசிறியின் வார் தளர்ந்திருக்கலாம். இரண்டாவதோ, செய்தி வரும் வழியில்தான் கோளாறு என்பதைக் காட்டுகிறது. முன்னதில் செய்தி கெட்டது. பின்னதில் செய்தி கொண்டுவரும் தூதனுக்கே நலமில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணி உணரியை மட்டும் மாற்றினால் பணமும் நேரமும் வீணாகும்.

110-3 தோன்றினாலும் உணரிதான் கெட்டது என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. உணரி, கம்பிகள், அவற்றை இணைக்கும் செருகிகள், கணினி ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு சுற்று. குறியீடு அந்தச் சுற்றைத்தான் சுட்டுகிறது. கெட்டுப்போன பொருளைச் சுட்டுவதில்லை. பாலிக் புலாவ் போன்ற மழையும் கடற்காற்றும் மிகுந்த இடத்தில் செருகிகளுக்குள் ஈரம் புகுந்து முனைகள் துருப்பிடிக்கலாம். தோட்டத்தில் நிறுத்தி வைத்த இயந்திரத்தின் கம்பிகளை எலிகள் கடித்திருக்கலாம். ஆதலால், முதலில் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றும் புலப்படாவிட்டால், கையேடு அனுமதிக்கும் இயந்திரங்களில் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். இரண்டு கம்பிகளை உடைய வெப்பநிலை உணரியின் செருகியைக் கழற்றி, கணினிப் பக்கமுள்ள இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் இணைக்க வேண்டும். குறியீடு 110-3 மறைந்து 110-4 தோன்றினால், கம்பிகளும் கணினியும் நன்றாகவே உள்ளன. பழுது உணரியில் அல்லது அதன் முனைகளில் இருக்கிறது. குறியீடு மாறாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கக்கூடும். தொடக்கத்திலேயே 110-4 இருந்தால் செருகியைக் கழற்றினாலே போதும். அது 110-3 ஆக மாறினால் கெட்டது உணரி. மாறாவிட்டால் கம்பி எங்கோ உராய்ந்து இயந்திரத்தின் இரும்பைத் தொடுகிறது எனக் கருதலாம். இவ்வாறு சில நிமிடச் சோதனை, தேவையற்ற செலவைத் தவிர்க்கிறது.

சில குறியீடுகள் சோதனைக்குக்கூட நேரம் தருவதில்லை. 100-1 தோன்றினால் இயந்திர எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டது என்பது பொருள். இந்நிலையில் இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். எச்சரிக்கை ஒலி தொல்லையாக இருக்கிறது என்று உணரியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தால், உராய்வினால் இயந்திரமே சிதைந்துபோகும். எண்ணெயின் அளவைப் பார்த்த பிறகு, தனி அழுத்தமானியைப் பொருத்தி உண்மையான அழுத்தத்தை அளப்பதே முறையாகும். அழுத்தமானியும் குறைவாகக் காட்டினால் உணரி பொய் சொல்லவில்லை என்பது உறுதியாகும்.

எந்தச் சோதனைக்கும் முன்னர்ப் பாதுகாப்பே முதன்மையானது. மண்வாரியைச் சமதளத்தில் நிறுத்தி, வாளியைத் தரையில் இறக்கிவைக்க வேண்டும். இயந்திரத்தை அணைத்து, குழாய்களில் எஞ்சியிருக்கும் அழுத்தத்தைக் கையேட்டின்படி வெளியேற்ற வேண்டும். சோதனைக்காக மின்சாரத்தை மீண்டும் முடுக்கும் நேரம் தவிர, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். எண்ணெய்க் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவைக் கண்டறிய அட்டைத் துண்டைப் பயன்படுத்துவதே வழக்கம்.

பழுது நீங்கிய பின்னர்க் குறியீட்டை அழித்து, இயந்திரத்தைச் சிறிது நேரம் இயக்கிப் பார்க்க வேண்டும். குறியீடு மீண்டும் தோன்றாவிட்டால்தான் வேலை முடிந்தது. அழிப்பதற்கு முன் அதனைக் குறித்துவைப்பது நல்ல பழக்கம். அடுத்து வரும் பழுதை ஆராய அக்குறிப்பு உதவும்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தீர்க்கும் வழியறிந்து செயல்பட வேண்டும் என்று திருவள்ளுவர் மருத்துவருக்குக் கூறியது, இயந்திரம் பழுதுபார்ப்பவருக்கும் பொருந்தும். திரையில் தெரியும் எண் நோயின் அறிகுறி மட்டுமே. அதன் காரணத்தைத் தேடிக் காண்பது மனிதனின் அறிவு. மண் சரிந்த சாலையின் மறுபக்கம் மக்கள் காத்திருக்கும் வேளையில், பொறுமையாகச் சோதித்துப் பார்க்கும் அந்த அறிவே இயந்திரத்தை விரைவில் மீண்டும் இயங்கச் செய்கிறது.