டிராகனுக்கு முன்னால் தாள்

ஓரிகாமியில் ஓரளவு கை தேர்ந்ததும் எல்லோருக்கும் டிராகன் ஆசை வந்துவிடுகிறது. முதலில் டிராகனை முடிவு செய்துவிட்டுப் பிறகு தாள் தேடி அலைகிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்வது தலைகீழ். எவ்வளவு பெரிய தாள் கிடைக்கும், அதை விரிக்க வீட்டில் எங்கே இடம், இது என்ன மாதம் என்று முதலில் பாருங்கள். எந்த டிராகன் என்பதற்குப் பெரும்பாலும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? 50 செ.மீ. சதுரத்தை 32 பங்காக மடித்தால் ஒரு கட்டம் 15.6 மி.மீ. வரும். 64 பங்காக்கினால் 7.8 மி.மீ.தான். அதற்குள் செதிலையும் விரலையும் மடித்து எடுக்க வேண்டும். அதே 64 பங்கு ஒரு மீட்டர் தாளில் என்றால் மறுபடியும் 15.6 மி.மீ., விரல் நிம்மதியாக நுழையும்.

எல்லோரும் கனவு காண்பது ஜப்பானியர் சதோஷி கமியாவின் ரியூஜின் 3.5. வெட்டு, ஒட்டு எதுவும் கிடையாது. ஒரே சதுரத்திலிருந்து உடல் முழுக்கச் செதிலோடு நெளியும் கிழக்கத்திய டிராகன். அதற்கு 2 மீட்டர் சதுரம் வரை தாள் எடுக்கிறார்கள். நம் ஊர் இரண்டு பெட்ரூம் வீட்டில் அந்தத் தாளை விரித்தால், முடியும்வரை ஹாலில் யாரும் நடமாட முடியாது. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது அவருடைய ‘ஏன்ஷியன்ட் டிராகன்’. சிறகு விரித்து நிற்கும் மேற்கத்திய டிராகன். 1995 முதல் 2003 வரையிலான அவருடைய படைப்புகளின் தொகுப்பில் படிப்படியான விளக்கப்படம் இருக்கிறது. இருநூறு படிகளைத் தாண்டினாலும் வழி தெளிவு. ஹாங்காங்கின் கேட் சானுடைய ‘ஃபயரி டிராகன்’ அதைவிட ஒரு மாற்று இலகு. இரண்டுமே பயமாக இருந்தால் பிரேசிலின் ஜோ நகஷிமாவின் டிராகன்களை வீடியோ பார்த்தே மடிக்கலாம். சாதாரணத் தாள் போதும், இந்தக் கட்டுரையும் தேவையில்லை. என் ஓட்டு ஏன்ஷியன்ட் டிராகனுக்கு. வீடியோவில் கை மறைக்கும் இடம்தான் எப்போதும் நமக்குத் தெரிய வேண்டிய இடமாக இருக்கும். புத்தகத்தில் அடுத்த படத்தைப் பார்த்து, இப்போது மடிப்பது என்னவாகப் போகிறது என்று முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

இனி தாள்.

ஜெராக்ஸ் தாள் வேண்டாம். 70, 80 ஜி.எஸ்.எம். கனம் ஒரு காரணம், நார் இன்னொன்று. கரூர் பக்கம் புகளூரில் டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. எழுத, அச்சடிக்க அருமையான தாள். ஆனால் சக்கை நார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் இருந்தாலே அதிகம். ஊசியிலை மரக்கூழின் நார் மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஜப்பானியக் கோஸோ நார் பத்து மில்லிமீட்டர் வரை போகும். ஒரே கோட்டில் முன்னும் பின்னும் மடித்துக்கொண்டே இருந்தால் குட்டை நார்த் தாள் சீக்கிரம் விட்டுவிடும். புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் பருத்தி நார் என்பதால் உறுதியானது. ஆனால் தடிமன், யானை மடிக்கலாம், இந்த டிராகன் வராது.

ஜூன் மாதம் எல்லா ஸ்டேஷனரிக் கடையிலும் குவித்து வைத்திருப்பார்களே, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட், அதுதான் ஏழைப் பங்காளன். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. உறுதியாக இருக்கும், மடிப்பை மறக்காது. எல்லா ரோலும் ஒரே கனம் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார். 50 செ.மீ. சதுரமாக நான்கு தாள் வெட்டி வீட்டுத் தராசில் சேர்த்து வையுங்கள். நான்கும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுதான் ஜி.எஸ்.எம். 40, 50க்குள் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அகலம் போதவில்லை என்றால் மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் போய் இறங்கி, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கேட்டுப் பாருங்கள். சென்னையின் காகித வியாபாரம் அங்கேதான். தாளை மடிக்காமல் சுருட்டி மூன்று அங்குல பி.வி.சி. பைப்புக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள். சாயங்காலக் கூட்டத்தில் வேறு எதுவும் தாங்காது.

இன்னும் மெல்லியதாக வேண்டுமானால் இரண்டு டிஷ்யூ தாளை மெத்தில் செல்லுலோஸ் பசையால் ஒட்டலாம். இந்தப் பசை மைதாவுக்கு நேர் எதிர். மைதா சூட்டில் கெட்டியாகும். இதைச் சுடுநீரில் தூவிக் கலக்கி, ஆறவிட்டால்தான் கரைந்து குழகுழவென்று வரும். பூச்சி அரிப்பதும் குறைவு. பால்கனிக் கண்ணாடிக் கதவில் முதல் தாளைப் பரப்பி, பசையை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷ்ஷால் தள்ளி, மேலே இரண்டாவதை இறக்குங்கள். காய்ந்ததும் உரித்தால் ஒரே தாள். நடுவில் சமையலறை அலுமினியத் தாளை வைக்கிற முறையும் உண்டு. வைத்த வடிவம் அப்படியே நிற்கும். ஆனால் அந்த ரோலின் அகலம் 30 செ.மீ. அளவுதான்; டிராகனுக்கு அது பத்தாது.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. தண்டலம் சுந்தரராவ் காகித மடிப்பாலேயே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலை 1893இல் வெளியிட்டார், சென்னை அடிசன் அச்சகத்தில். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைப் பாராட்டிக் குறிப்பிட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. கின்டர்கார்டன் குழந்தைகளுக்கு விற்ற இருநூறு வண்ணச் சதுரங்கள் கொண்ட பெட்டிதான் அவருக்குத் தூண்டுதல். ஸ்கேல் இல்லாமல் ஒரு பக்கத்தைத் துல்லியமாகப் பங்கிடும் வித்தை அவர் வழியில் பழகினால், டிராகனின் முதல் ஐம்பது மடிப்பு பாதி முடிந்த மாதிரி.

இடம்: தரை வேண்டாம். டைல்ஸ் இணைப்புக்கு மேல் நகத்தால் அழுத்தினால் இல்லாத கோடு ஒன்று தாளில் விழும். கேரம் போர்டு உத்தமம். ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், எனவே 70 செ.மீ. தாள் சட்டத்துக்குள் அடங்கும். போரிக் பவுடரை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கோடு போட மை தீர்ந்த ரீஃபில், அழுத்த ஸ்பூனின் பின்பக்கம் போதும்.

மாதம்தான் பலரும் மறப்பது. தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும்; நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகமாக விரியும். காலையில் வெட்டிய சதுரம் மழைநாள் இரவில் சதுரமாக இராது, கட்டங்கள் பிசகும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். மே மாதம் வேறு தொல்லை: ஃபேன் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வியர்வை சொட்டும். பொங்கல் முடிந்து மார்ச் கடைசி வரை சரியான காலம். ஏ.சி. அறையில் மடிப்பதென்றால் தாளை இரண்டு நாள் முன்பே அங்கே விரித்து வையுங்கள். அடிப்படைக் கோடுகள் முடியும்வரை வெளியே எடுக்க வேண்டாம்.

இத்தனையும் கூட்டிக் கழித்தால், முதல் தடவைக்கு 70 செ.மீ. பிரவுன் ஷீட், கேரம் போர்டு, பிப்ரவரி, ஏன்ஷியன்ட் டிராகன். டிஷ்யூ தாள் இரண்டாவது டிராகனுக்கு இருக்கட்டும். நடுவில் நிறுத்த நேர்ந்தால், படி எண்ணைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிராகனோடு கிளிப் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள். பீரோ மேல் வேண்டாம், அங்கே கரப்பான் வரும்.