12 வோல்ட்டும் தீ மூட்டும்

தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போனால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் வந்துவிடும். மின்னணு உதிரிபாகம் தேடுவோருக்குப் பழகிய இடம். 100 வாட் சூரியத் தகடு, 12 வோல்ட் மின்கலம், சார்ஜ் கண்ட்ரோலர் ஆகியவற்றைக் கொண்டு தரைவீட்டிலோ கடைவீட்டின் பின்கட்டிலோ விளக்கெரிக்க நினைப்பவர்கள், தகட்டையும் மின்கலத்தையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். வயரும் ஃபியூஸும் மிச்சக் காசில்தான்.

வீவக கூரைகளில் 2014 முதல் நடக்கும் சோலார்நோவா திட்டத்திலும், உபின் தீவில் எரிசக்திச் சந்தை ஆணையம் 2013ல் தொடங்கிய நுண் மின்கட்டமைப்பிலும் இதையெல்லாம் கணக்கிடப் பொறியாளர்கள் உண்டு. உங்கள் வீட்டுச் சிறு அமைப்புக்கு நீங்கள்தான் பொறியாளர்.

12 வோல்ட்டைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது பெரும்பாலும் சரி. ஆனால், 120 வாட் விளக்குகளுக்கு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, அதே வயர் ஏறத்தாழ 370 மடங்கு அதிகம் சூடாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மில்லிமீட்டர் தடிமனும் 1 மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.0172 ஓம். மின்கலத்திலிருந்து விளக்கு 5 மீட்டர் தொலைவு என்றால், போகவும் வரவும் 10 மீட்டர் கம்பி. 1.5 ச.மி.மீ. வயரின் தடை 0.115 ஓம், 10 ஆம்பியர் ஓடினால் 1.15 வோல்ட் வழியிலேயே தொலையும். கிட்டத்தட்ட பத்து விழுக்காடு! 6 ச.மி.மீ. வயரில் இழப்பு 0.29 வோல்ட்தான். விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

அடுத்தது ஃபியூஸ். அது காப்பது விளக்கை அல்ல, வயரை. ஓடும் மின்னோட்டத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகவும், வயர் தாங்கும் அளவுக்குள்ளும் இருக்கவேண்டும். 10 ஆம்பியருக்கு 12.5, கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 15. அடிக்கடி எரிகிறதே என்று 60 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், மெல்லிய வயர் உருகுவதை அது வேடிக்கை பார்க்கும். இடமும் முக்கியம். மின்கலத்தின் நேர்முனையை ஒட்டியே பொருத்துங்கள். அங்கே குறுக்குச்சுற்று ஏற்பட்டு மொத்தத் தடை 0.01 ஓம் ஆனால், 1,200 ஆம்பியர் பாயும்.

வீட்டு மின்பலகையில் உள்ள பிரேக்கரையே இதற்கும் பயன்படுத்தலாமா? கூடாது. நம் வீட்டு மாறுமின்னோட்டம் விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், தொடுமுனைகள் பிரியும்போது எழும் தீப்பொறி தானே அணையும். நேர்மின்னோட்டத்துக்கு அந்த ஓய்வு இல்லை. பொறி வளைந்து நீடித்து, பெட்டியையே எரித்துவிடலாம். டிசி என்று குறித்த பிரேக்கரைக் கேளுங்கள். நேர், எதிர் முனைக் குறி இருந்தால் மாற்றிப் பொருத்தாதீர்கள்.

தகட்டின் பக்கம் கதை வேறு. 100 வாட் தகடு சாதாரணமாக 5.5 ஆம்பியர் தந்தால், குறுக்குச்சுற்றிலும் 6 ஆம்பியர் அளவுதான் தரும். ஒற்றைத் தகட்டுக்கு ஃபியூஸ் வைத்தாலும் அது எரியப்போவதில்லை. மூன்றை இணையாகச் சேர்த்தால்தான் சிக்கல்: பழுதான தகட்டுக்குள் மற்ற இரண்டும் 12 ஆம்பியரைத் தள்ளும். அப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ் தேவை. தாங்கும் உச்ச அளவு தகட்டின் பின்புற ஒட்டுத்தாளில் இருக்கும்.

கூரைக்குச் சாதாரண பிவிசி வயர் வேண்டாம். நம் வெயிலில் அது வெடித்து உரியும். இஎன் 50618 எனக் குறித்த சூரியசக்தி வயரை வாங்குங்கள். எம்சி4 இணைப்பிகளின் இரு பாதிகளும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். சேர்வதுபோல் தோன்றினாலும் தளர்ந்த இணைப்பு சூடேறும்.

230 வோல்ட் வீட்டு மின்சாரத்துடன் இணைக்கும் எண்ணம் இருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். மற்றபடி, பகலில் தகட்டை அணைக்கச் சுவிட்ச் கிடையாது. வேலை செய்யுமுன் தடித்த துணியால் மூடுங்கள். கண்ட்ரோலரில் மின்கலத்தை முதலில் இணைத்து, தகட்டைப் பிறகு இணையுங்கள். கழற்றும்போது தகடு முதலில்.