ஏசி மாட்டப் போறீங்களா? அவுட்டோர் யூனிட் எங்கே என்று முதலில் முடிவு பண்ணுங்க

கோடை வந்தால் ஏசி வாங்கும் வீடுகள் கூடிவிடும். கடையில் ஸ்டார் ரேட்டிங் பார்க்கிறோம், தவணை விசாரிக்கிறோம். அவுட்டோர் யூனிட்டை எங்கே வைப்பது என்பதை மட்டும் மாட்ட வருபவரிடம் விட்டுவிடுகிறோம். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "சன்ஷேடுல இறங்கி மாட்டிடலாம் சார்" என்பார். ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் யூனிட் சுமார் 30 முதல் 40 கிலோ எடை இருக்கும். அதைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். அப்புறம் தன்னைப் பிடித்துக்கொள்ள கை ஏது? சன்ஷேடு வெயிலுக்கும் மழைக்கும் கட்டியது. ஓரத்தில் தடுப்பு கிடையாது. பழைய கட்டடமென்றால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம், மேலே நின்று பார்த்தால் தெரியாது. யூனிட்டை பிராக்கெட்டில் உட்கார வைக்கும் அந்த நேரத்தில் பாரம் வெளிப்பக்கம் சாய்ந்தால், ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

எனவே முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்: "மொட்டை மாடியிலயோ பால்கனியிலயோ தரையில ஸ்டாண்டு போட்டு வைக்க முடியுமா?" காப்பர் பைப் கூடுதலாகத் தேவைப்படும், அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். கொடுத்துவிடலாம். ஏனென்றால் மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. சர்வீஸுக்கும் கேஸ் நிரப்பவும் வருகிற ஒவ்வொருவரும் அதே இடத்தில்தான் இறங்க வேண்டும்.

வெளிச்சுவர்தான் ஒரே வழி என்றால், கயிறு இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழும்போது மொத்த அதிர்ச்சியும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் தாங்கும் முழு உடல் ஹார்னெஸ் வேண்டும். வாங்குகிறவர்கள் அதில் ஐ.எஸ். 3521 தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றை ஜன்னல் கிரில்லிலோ தண்ணீர்க் குழாயிலோ கட்டக் கூடாது. கான்கிரீட் தூணில் கட்ட வேண்டும். யூனிட்டை இறக்கும் கயிறு வேறு, ஆளைத் தாங்கும் கயிறு வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் பாரம் நழுவும்போது ஆளும் போவார். கீழே யாரும் நிற்க வேண்டாம், பக்கத்தில் மின்கம்பி போனால் வேலையே வேண்டாம்.

"பத்து வருஷமா இப்படித்தான் சார் மாட்டுறோம்" என்று பதில் வரும். வரட்டும். வேலையை நாளைக்குத் தள்ளிப்போடும் உரிமை வீட்டுக்காரரான உங்களிடம் இருக்கிறது.

ஒருவேளை யாராவது விழுந்துவிட்டால், தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்து அசையாமல் அப்படியே படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்கள் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வேலை முடிந்து மாட்டியவர் டீ குடிக்கும்போது, "இதுல சேர்ந்திருக்கீங்களாண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலேயே சேரலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.