முதல் வெளிநாட்டுப் பயணமா? முதலில் கடலைப் பாருங்க, அப்புறம் டிக்கெட்

பிள்ளைகளுக்கு மே மாத லீவு வருது. கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கு. 'பக்கத்து நாடுதானே, இலங்கைக்கு ஒரு தடவை போய்ட்டு வரலாமே' என்று வீட்டில் பேச்சு எழுகிறது. பழைய ராஜதானிகளை நாலு நாள் பார்க்கலாம், கடற்கரையில் மூணு நாள் ஓய்வெடுக்கலாம். திட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் எந்தக் கடற்கரை என்று யாராவது கேட்டீர்களா?

அதைக் கேட்காமல் போனவன் நான். ஒரு ஜூன் மாதம், வாடகை மலிவாகக் கிடைக்கிறதே என்று இலங்கையின் தென்மேற்குக் கரையில் மூன்று இரவுக்கு அறை பிடித்தேன். போய் இறங்கினால் கரை முழுக்கச் சிவப்புக் கொடி. கடல் பொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மூன்று நாளும் பால்கனியில் உட்கார்ந்து மழையை எண்ணினார்கள். வாடகை ஏன் மலிவு என்பது அப்போதுதான் விளங்கியது. பல மாதம் சேர்த்த பணத்தில் பாதி அந்த பால்கனிக்குத்தான் போச்சு. உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம் என்பதற்காகவே இந்தப் பாடம்.

காற்று எந்தப் பக்கம்?

இலங்கைக்கு இரண்டு பருவக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஏறக்குறைய மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மேற்கு, தெற்குக் கரைகளைப் புரட்டும். அதே மாதங்களில் கிழக்குக் கரை மலைகளின் மறுபக்கம் இருப்பதால் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொடுக்கும் அதே காற்றுதான். அது வீசும்போது கிழக்குக் கரையில் மழையும் அலையும். பிறகு டிசம்பரிலிருந்து மார்ச் வரை தெற்கும் மேற்கும் தெளிந்திருக்கும்.

ஆகவே கணக்கு சுலபம். கோடை விடுமுறையில் போகிறீர்களா? கிழக்கே திருகோணமலை. அரையாண்டு விடுமுறையிலா? தெற்கே காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ. முதலில் மாதம், அது கரையைச் சொல்லும். கரை முடிவானால் எந்தப் பழைய நகரம் வழியில் வரும் என்பதும் தானாகவே தெரிந்துவிடும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சமூக ஊடகத்தில் ஒரு படம் பார்த்து, அந்த இடத்தைப் பிடித்து, கடைசியில்தான் மாதத்தைப் பார்க்கிறோம்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் பள்ளி விடுமுறையை நம்பித்தான் கிளம்புவார்கள் என்பதால் மே மாதத் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். டிசம்பருக்கு ஒரே ஒரு வார்த்தை: கொழும்பிலிருந்து காலிக்கு ரயிலில் போங்க. பல இடங்களில் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். போர்த்துகீசியர் தொடங்கி டச்சுக்காரர் கட்டிய காலிக் கோட்டைக்குள் நடந்து பார்க்க ஒரு நாள் போதும். அதே காலியில் 1911-இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கப்பட்டது. 1409 காலத்தது. இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மே மாதத்துக்கு ஏழு நாள்

விமான நிலையம் கொழும்பு நகரத்துக்குள் இல்லை. நகருக்கு வடக்கே கட்டுநாயக்கவில் இருக்கிறது. மாலையில் இறங்குகிறவர்கள் கொழும்புக்குப் போய் நெரிசலில் சிக்குவதைவிட, சுமார் 10 கி.மீ. தள்ளியிருக்கும் நீர்கொழும்பில் முதல் இரவைக் கழித்துவிடலாம். மறுநாள் வடக்கே போக வேண்டிய பாதையும் அந்தப் பக்கம்தான்.

அங்கிருந்து அநுராதபுரம் சுமார் 160 கி.மீ. 'மூணு மணி நேரம்தானே' என்று நினைக்காதீங்க. சாலைகள் நன்றாக இருந்தாலும் ஊருக்கு ஊர் வேகம் குறையும். 100 கி.மீ.க்கு இரண்டரை மணி நேரம் என்று போட்டால் ஏமாற்றம் இருக்காது. வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் இறங்கி ஏறுவதற்கும் சேர்த்துக் கணக்கு வையுங்க.

அநுராதபுரத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாகப் போற்றிக் காக்கும் வெள்ளரசு மரம் இருக்கிறது. ஜேதவனாராமயத் தூபி கட்டியபோது 122 மீட்டர் உயரம் என்கிறார்கள். முழுக்கச் செங்கல். பக்கத்தில் நின்றால்தான் அந்த அளவு மனதில் ஏறும். இங்கே ஒரு நாள் போதும். வெயில் கடுமை, ஆகவே காலை, மாலை மட்டும் சுற்றி மதியம் அறைக்குத் திரும்பிவிடுங்க.

அடுத்து சிகிரியா, சுமார் 75 கி.மீ. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன் ஒரு பாறையின் உச்சியில் அரண்மனை கட்டினான். ஏறத்தாழ 1,200 படிகள். வாயில் திறந்ததும் ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம். பாறையில் குளவிக் கூடுகள் உண்டு. அமைதியாக ஏறச் சொல்லும் பலகைகளைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்க. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் கீழே உள்ள நீர்த்தோட்டங்களைப் பார்த்தாலே போதும், வருத்தப்பட ஒன்றுமில்லை.

சிகிரியாவில் இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் பொலன்னறுவைக்குப் போய் வாங்க. என்னைக் கேட்டால் இந்தப் பயணத்தின் உயிர் இந்த ஊரில்தான் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் சோழர்கள் இதைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070-இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றினான். அடுத்த நூற்றாண்டில் பராக்கிரமபாகு கடல் மாதிரி ஓர் ஏரியை அமைத்தான். இரண்டாம் எண் சிவ தேவாலயம் என்று பலகை போட்டிருக்கும் சிறிய கற்கோயில்தான் வானவன்மாதேவி ஈஸ்வரம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்க்கோயில் ஒன்றைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். புத்தரின் தந்தத்தாது வைக்கப்பட்ட கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு நெடுங்கல் நிற்கிறது. அந்தத் தாதுவைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அது. கல் விகாரையில் ஒரே பாறையில் குடைந்த புத்தர் சிலைகள், சாய்ந்த கோலத்தில் உள்ளது சுமார் 14 மீட்டர். இடிபாடுகள் பரந்து கிடப்பதால் வாடகை சைக்கிள் எடுத்தால் பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்.

இந்த இடங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். சார்க் நாட்டினருக்குச் சலுகை உண்டு. அதைக் கேட்க பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அறையில் பூட்டிவைத்துவிட்டுப் போனால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சிகிரியாவிலிருந்து திருகோணமலை சுமார் 100 கி.மீ. இங்கே மூன்று இரவு. உப்புவெளி, நிலாவெளி கரைகளில் மே மாதக் கடல் குளம் போல இருக்கும். நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போகலாம். அது தேசியப் பூங்கா, தனி நுழைவுச்சீட்டு வாங்கணும், பவளப்பாறையை மிதிக்கக் கூடாது. உயிர்காப்புச் சட்டை கொடுக்காத படகில் ஏறாதீங்க, எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. மாலையில் பிரட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மேய்வதைப் பார்த்தபடி சுவாமிமலைக்கு ஏறினால் கோணேஸ்வரம், சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துகீசியர் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது பின்னால் எழுந்தது. இந்த ஊரில் தமிழே போதும். அநுராதபுரம் பக்கம் சிங்களம்தான், ஆங்கிலமும் ஓரளவு நடக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் சிங்களத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் உதவும்.

திரும்பும் நாளில் கவனம். திருகோணமலையிலிருந்து விமான நிலையம் சுமார் 250 கி.மீ. இரவு விமானம் என்றால் காலையிலேயே கிளம்பலாம். காலை விமானம் என்றால் முந்தின இரவே நீர்கொழும்புக்கு வந்துவிடணும்.

நாள் குறிக்கும் முன் பௌர்ணமியையும் பாருங்க. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை. வெசாக் பெரும்பாலும் மே மாதம் வரும். தெருவெங்கும் கூடு விளக்குகள், 'தன்சல்' என்று வழிப்போக்கருக்கு இலவசச் சாப்பாடு. பார்க்க அழகு, ஆனால் புனித நகரங்களில் அறை கிடைப்பது கஷ்டம். ஜூன் மாதப் பொசன் பௌர்ணமிக்கு அநுராதபுரம் நிரம்பி வழியும்.

பெயரில் இருக்கிறது சிக்கல்

இப்போ பாஸ்போர்ட். கட்டணம் செலுத்தி, நேரம் குறித்து, அசல் ஆவணங்களோடு நேரில் போவது எல்லாம் பலருக்கும் தெரிந்ததே. 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டு மட்டுமே செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பிக்கும் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்க. அதே மாதிரி தோற்றத்தில் பணம் பறிக்கும் போலித் தளங்கள் உண்டு. 'எம்பாஸ்போர்ட் சேவா' செயலியையும் பயன்படுத்தலாம்.

நம்ம ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் 'க. செல்வி', ஆதாரில் 'செல்வி க', வங்கியில் 'செல்வி கண்ணன்'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். எது பெயர், எது குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அப்பா பெயரோ கணவர் பெயரோ இரண்டாவது கட்டத்தில் போகும். எப்படி எழுதினாலும் சரி, டிக்கெட்டில் அதே எழுத்து, அதே வரிசை இருக்கணும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள், குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்க. நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறும். ஆதாரைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு, விமான நிலையத்தில் கைபிசைந்து நிற்பது வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன்: பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே, பணம் திரும்பாத எந்தப் பதிவும். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்க. இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும்.

இலங்கைக்கு விசா அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் எடுக்கலாம். 2023-க்குப் பிறகு அந்த விதிகளும் கட்டணமும் சில தடவை மாறிவிட்டன. பக்கத்து வீட்டார் போன வருஷம் சொன்னதை நம்பாமல், 'கவ் டாட் எல்கே' என்று முடியும் அந்நாட்டு அரசுத் தளத்தில் நீங்களே பாருங்க. தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். அதில் போனால் கட்டணத்தோடு தரகும் சேரும்.

கிளம்பும் முன் மொபைலில்

வங்கிச் செயலியைத் திறந்து கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை 'ஆன்' செய்யுங்க. பல கார்டுகளில் அது மூடியே இருக்கும். 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் யுபிஐ உண்டு. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தனியாக இயக்கி வைக்கணும். எல்லாக் கடையிலும் நடக்காது, கொஞ்சம் உள்ளூர்ப் பணமும் வேண்டும். இந்திய ரூபாய் நோட்டு ஒருவர் 25,000 வரை கொண்டுபோகலாம்.

அங்கே இறங்கி உள்ளூர் சிம் போட்டதும் நம்ம சிம்மைக் கழற்றிப் பர்சில் வைப்பவர்கள் உண்டு. வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தானே வரும்! ரோமிங்கை இங்கேயே இயக்கிவிட்டு, இரண்டு சிம்மும் மொபைலிலேயே இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கப் படம், விசா, டிக்கெட் எல்லாம் இணையம் இல்லாமல் திறக்கும்படி சேமியுங்க, ஒரு காகித நகலும் தனிப் பையில். டிஜிலாக்கர் நம் நாட்டுக்குள் உதவும், குடியேற்ற அதிகாரியிடம் அசல் பாஸ்போர்ட்தான். கடிகாரத்தை மட்டும் தொட வேண்டாம். அங்கேயும் நம் நேரமே.

விகாரைகளில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பு வெளியே. மே மாத வெயிலில் கல் தரை கொதிக்கும், ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துக்கொண்டால் தப்பிக்கலாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதை அங்கே அவமதிப்பாகவே பார்ப்பார்கள். காவல் துறை வரை போன சம்பவங்கள் உண்டு.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார், அதன் நகலோடு இந்தியத் தூதரகம். கொழும்பில் தூதரகமும், கண்டியில் துணைத் தூதரகமும், யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டையில் துணைத் தூதரகங்களும் உள்ளன. திரும்பி வர அவசரச் சான்று தருவார்கள். காவல் துறைக்கு 119. ஆம்புலன்ஸுக்கு 1990, கட்டணம் கிடையாது. அந்தச் சேவை இந்திய உதவியில் தொடங்கியது. இந்த இரண்டு எண்ணையும் வீட்டில் எல்லார் மொபைலிலும், பெரிய பிள்ளைகளின் மொபைல் உட்பட, இன்றைக்கே பதிந்து வையுங்க.